கடலுக்கு வாசல் வைத்தவர்கள்

ஜூலை பிறந்துவிட்டால் நான் வசிக்கும் பிரெஞ்சு ஊரில் எல்லோரும் எல்லோரையும் ஒரே கேள்விதான் கேட்பார்கள். "வு பார்த்தே?" போகிறீர்களா என்று பொருள். நான் அங்கே போன முதல் வருடம் ரொட்டிக் கடைக்கார அம்மா சிரித்த முகத்தோடு என்னிடம் இதைக் கேட்டபோது சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டேன். குடியிருப்பு அட்டைக்கு எழுதிப்போட்டு மாதக்கணக்கில் பதில் வராத நேரம் அது. ஊரே சேர்ந்து என்னை அனுப்பி வைக்கப் போகிறது என்று நினைத்து, "நோ, நோ, ழ ரெஸ்த்" என்றேன். இல்லை, இங்கேயேதான் இருப்பேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, வாங்கிய ரொட்டியோடு ஒரு இனிப்பு பன்னையும் வைத்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து என் கணவர் அலேனிடம் சொன்ன பிறகுதான் விளங்கியது. விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறாள். விடுமுறைக்குப் போக வழியில்லாதவள் என்று நினைத்துத்தான் பன்.

எங்களுடையது சொல்தா குடும்பம் இல்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய தாத்தா எங்களுக்குக் கிடையாது. புதுச்சேரியை ஒட்டிய உழவர்கரையில் பிறந்து, ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவரைக் கட்டிக்கொண்டு போனவள் நான். போய்ச் சேர்ந்தது பாரிஸும் இல்லை, அட்லாண்டிக் ஓரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். ஆகஸ்ட் பதினைந்து அங்கேயும் விடுமுறை, மாதாவின் விண்ணேற்புத் திருநாள். படகுகளுக்குக் காகிதப் பூ கட்டி, ஊர் பேண்டு வாசிக்க, மாதா சுரூபத்தைத் துறைமுகம் வரைக்கும் தூக்கிப் போவார்கள். முதல் முறை ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த என்னிடம் ஒரு கிழவி வேகமாக ஏதோ சொல்லி, சுரூபத்திலிருந்து தொங்கிய நீல ரிப்பனின் முனையைக் கையில் கொடுத்தாள். ஊர்வலத்தில் சேரச் சொல்கிறாள் என்று நினைத்து நடந்தேன். உண்மையில் ஷூ கயிற்றைக் கட்டிக்கொள்ளத்தான் ஒரு நிமிடம் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். துறைமுகம் வரை ரிப்பன் என் கையிலேயே இருந்தது. யாரும் திரும்பக் கேட்கவில்லை.

அந்த ஊரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட நான் இதை எழுதவில்லை. பதினெட்டு வருடம் கழித்தும் "நிஜமாக எந்த ஊர்?" என்று கேட்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். என் கைபட்டுக் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கிழவரும் உண்டு. ஆனாலும் கோடையில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடற்கரைக்குப் போகும்போது, எந்த ஓட்டல்காரனும் எங்களை மறித்ததில்லை. அங்கே பணக்காரன் கடலோரத்தில் குடை விரிக்கலாம். ஆனால் நீரோரத்தில் ஊரார் நடக்க வழி விட்டே ஆகவேண்டும். அது சட்டம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு ஊருக்கு வந்ததுதான் என் தலைவலி.

இந்த முறை ஆகஸ்ட் பதினைந்து வெள்ளிக்கிழமை. மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை என்பதால் சென்னை கார்களும் பெங்களூர் கார்களும் ஊருக்குள் நெரித்துக்கொண்டிருந்தன. காலையிலேயே அலேனையும் பன்னிரண்டு வயது மகள் க்ளேரையும் கூட்டிக்கொண்டு கடற்கரைச் சாலைக்குப் போனேன். அஞ்சலை அங்கே வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தாள்.

அஞ்சலை என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். வைத்திக்குப்பத்துக்காரி. கேன்வாஸ் ஷூவுக்குப் பூச வெள்ளை இல்லாமல் வகுப்பில் திருடிய சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டு நாங்கள் இருவரும் இதே சாலையில் அணிவகுத்திருக்கிறோம். அவள் குரலுக்காகவே அவளைத்தான் முன்னால் நிறுத்தி ஆணை கொடுக்க வைப்பார்கள். "சலாமீ" என்று அவள் போட்ட சத்தத்தில் காந்தி சிலைக்கு அந்தப் பக்கம் இருந்த காக்கைகள் எழும்பின என்று வகுப்பில் சொல்லிச் சிரிப்போம். பத்தாவதோடு அவள் நின்றுவிட்டாள். இப்போது மீன் விற்கிறாள். அன்றைக்கு அவள் மகள் நிவேதா என்.சி.சி. உடுப்பில் வருகிறாள்.

தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நெரிசலில் நின்றிருந்தோம். மார்பில் அட்டை குத்திய ஓர் இளைஞர் அலேனைப் பார்த்துவிட்டு வந்து கயிற்றைத் தூக்கினார்.

"சார், ப்ளீஸ், சேர் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கைடா?" என்றார்.

"பொண்டாட்டி."

"சாரி மேடம். நீங்களும் வாங்க."

"இவங்களையும் விடுங்க. இவங்க பொண்ணு பரேடுல வருது."

"அவங்ககிட்ட பாஸ் இருக்கா மேடம்?"

"எங்ககிட்டயும்தான் இல்ல."

நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அலேன் நன்றி சொல்லி, போக மறுத்துவிட்டு, வெயிலில் எங்களோடேயே நின்றார். நிவேதாவின் வரிசை வந்தபோது யாரோ இருவரின் தோள்களுக்கு நடுவே எட்டிப் பார்த்த அஞ்சலை, "கால் சரியா விழுதாடி? நீ உயரம், பாத்து சொல்லு" என்றாள். சரியாகத்தான் விழுகிறது என்றேன். பெற்றவளுக்கு எட்டிப் பார்க்கும் இடம், வெள்ளைத் தோலுக்கு நாற்காலி. வெள்ளைக்காரனை வழியனுப்பிய நாளைக் கொண்டாடும் அணிவகுப்பில் இது நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடலில் குளிக்கப் போகலாம் என்றாள் அஞ்சலை. ஊருக்குள் கூட்டம் தாங்காது, காலாப்பட்டுத் தாண்டி அவள் அம்மா ஊர்க் கடற்கரைக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். சின்ன வயதில் பஸ்ஸில் போய் இறங்கி, சவுக்குத் தோப்பு வழியாக ஓடினால் கடல். தூக்குச் சட்டியில் சங்கரா மீன் குழம்பும், இன்னொன்றில் சோறுமாக அவள் காலையிலேயே வந்துவிட்டாள். காரை விட்டு இறங்கினால் தோப்பு இருந்த இடத்தில் மதில். மதிலில் இரும்புக் கதவு. உள்ளே ஒரு சொகுசு விடுதி.

"இது வந்து நாலஞ்சு வருஷம் ஆவுது. ஞாயித்துக்கிழமை விடுவான்னு நெனச்சேன்" என்றாள் அஞ்சலை.

வாசலில் வடக்கத்திக் காவலாளி ஒருவன் இந்தியில் ஏதோ சொன்னான். அதற்குள் மேலாளர் வந்துவிட்டார். நல்ல தமிழர், நம் பக்கத்துப் பேச்சு.

"வெல்கம் சார். மேடம், நீங்க மூணு பேரும் வரலாம். ஹாலிடேக்காக வெளி ஆளுங்களுக்கும் இன்னைக்கு என்ட்ரி இருக்கு. உங்க மெய்டு மட்டும் அந்த மரத்தடியில வெயிட் பண்ணட்டும்."

அஞ்சலை முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "நீ போய்ட்டு வாடி, நான் இங்க இருக்கேன்" என்று தூக்கோடு மரத்தடிக்கு நடக்கத் தொடங்கினாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. அவள் கால் தானாக மரத்தடியைப் பார்த்து நடந்ததுதான் என்னைச் சுட்டது.

கத்தினேன். யாருடைய மெய்டு என்று கேட்டேன். இவள் பெயர் அஞ்சலை, என் கூடப் படித்தவள், இவள் அம்மாவைப் பெற்ற ஊர் இது, இவள் மாமன் வலை காயப்போட்ட மணலில் குடை நட்டுக்கொண்டு இவளையே வெளியே நிற்கச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். கடலை எந்தப் பத்திரத்தில் எழுதி வாங்கினீர்கள் என்று கேட்டேன். மேலாளர் "மேடம், ப்ளீஸ், கெஸ்ட்ஸ் இருக்காங்க" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காவலாளி தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, "சாரி மேடம், டியூட்டி" என்று கும்பிட்டான். அவனும் எங்கிருந்தோ பிழைக்க வந்தவன். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அஞ்சலை வந்து என் கையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்துப் போனாள்.

"வாய மூடிட்டு வா."

"உன்ன வேலைக்காரின்னு சொல்றான். நீ பேசாம நிக்கிற."

"தெனம் காலைல இவன் பின்வாசல்லதான்டி மீன் போடறேன். சமையக்காரன்தான் வாங்குவான். இவனுக்கு என் மூஞ்சி தெரியாது. தெரியாம இருக்கறதே நல்லதுன்னு நின்னேன். நீ கத்தி என் பேர அவனுக்குச் சொல்லிக் குடுத்துட்ட." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ அடுத்த வாரம் ஏரோப்ளேன் ஏறிடுவ. நான் எங்க ஏர்றது?"

அலேன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். க்ளேர், "வேறே கடற்கரைக்குப் போகலாமே" என்று பிரெஞ்சில் சொன்னாள். அஞ்சலைக்கு பிரெஞ்சு தெரியாது. ஆனால் குழந்தை கேட்டது புரிந்துவிட்டது.

"கடலுக்குப் போவணும்னுதான வந்தோம்? அதுக்கு இவன் கேட்டு எதுக்கு? வாங்க" என்றாள்.

மதிலைச் சுற்றி, அவள் அம்மா ஊர்த் தெரு வழியாகப் படகுகள் கிடந்த இடத்துக்கு இறங்கி, நீரோரமாகத் தெற்கே நடந்தோம். விடுதிக்கு நேரே மணலில் வண்ணக் கொடிகள் கோத்த கயிறு ஒன்றைக் கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு மேட்டுப் பக்கம் நீலக் குடைகள், சாய்வு நாற்காலிகள். கீழே ஈரமணல். அஞ்சலை அங்கே உட்கார்ந்து தூக்கைத் திறந்தாள்.

விசில் கேட்டது. வாசலில் இருந்த அதே காவலாளி ஓடி வந்தான். அவளைக் கிட்டத்தில் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்தான்.

"அக்கா" என்றான். பின்வாசலில் தினமும் பார்க்கிற முகம்; முன்வாசலில் எங்களுக்குப் பின்னால் நின்றவளை அவன் கவனிக்கவில்லை போல.

"சாப்ட்டியா?" என்று கேட்டாள் அவள்.

"டியூட்டி, அக்கா."

அவன் திரும்பி விடுதியைப் பார்த்தான். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். எங்களைக் காணாதவன் போல நின்ற அவனிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எந்த மொழியில் கேட்பது என்று தெரியவில்லை.

நான் பிரான்சுக்குத் திரும்பி வந்த பிறகு அஞ்சலை குரல் செய்தி அனுப்பினாள். விடுதியில் இப்போது அவளிடம் மீன் வாங்குவதில்லையாம். "பரவால்ல, மார்க்கெட்டுல போடறேன். நீ கத்துனது தப்புன்னு அன்னைக்கி சொன்னேன் இல்ல? இப்ப அப்டி சொல்லல. ஆனா அடுத்த வாட்டி என்னக் கேட்டுட்டுக் கத்து" என்றாள். அதைப் பலமுறை கேட்டுவிட்டேன். ஊரில் இருப்பவர்களே, உங்கள் கடலுக்கு யாரோ வாசல் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வருகிற எங்களுக்கு அது எளிதாகத் திறக்கிறது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு என்பதை என்னைப் போல் வந்து போகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த மூன்று நாளை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். குடை நிழலில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் இருந்தது. க்ளேரின் பேச்சைக் கேட்டுவிட்டு, வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள், இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அவள் கயிற்றுக்கடியில் குனிந்து ஓடிப்போய் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். அவளை அழைத்து வர நான் எழுந்து போனேன். கயிறு இடுப்பில் உரசியது. நிழலிலிருந்து அவள், "மாமோ, வியான்", அம்மா வா, என்று கூப்பிட்டாள். ஈரமணலிலிருந்து அஞ்சலை, "ஏய், சோறு ஆறுது, வந்து உக்காருடி" என்றாள். "ழாரீவ்" என்று மேலே பார்த்துச் சொன்னேன். "தோ வரேன்" என்று கீழே பார்த்துச் சொன்னேன். இரண்டு பேரும் அதை நம்பி, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.