தர்மக் குழாய் என்று நினைத்திருந்தேன்

கோவில்பட்டியில் எங்கள் தெருக்குழாயைத் 'தர்மக் குழாய்' என்றுதான் எல்லாரும் சொல்வோம். ஒரு கோடையில் அதில் தண்ணீர் நின்றுபோனது. தர்மமாகக் கொடுப்பதில் குறை சொன்னால் பாவம் என்று நான் வாயைத் திறக்காமல் ஊருணித் தண்ணீர் எடுத்து வந்தேன். அதைக் குடித்த என் சின்ன மகளுக்கு வாந்தியும் பேதியும் கண்டு கண் செருகிவிட்டது. கழுகுமலை முருகன் கிருபையால் ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள்.

அவளைப் பார்க்க வந்த பக்கத்துக் கடை பாய், "ஏம்மா, குழாய் நின்னுட்டுன்னு முனிசிபல் ஆபீஸ்ல சொன்னியளா?" என்று கேட்டார்.

"தர்மத்துக்கு விடுத தண்ணியைப் போய் எப்படி அண்ணாச்சி அதிகாரமாக் கேக்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "நல்லா இருக்கே! யாரு வீட்டுத் தர்மம்? வீட்டு வரி கட்டுதியளா இல்லியா? நல்ல தண்ணி கேக்கது உங்க பாத்தியதைம்மா."

எனக்கு ஒரே ஆச்சரியம். மறுநாளே போய்ச் சொன்னேன். "இதுவரைக்கும் யாருமே வந்து சொல்லலியேம்மா" என்று உடனே ஆள் அனுப்பினார்கள். தெருமுனைக் குழாயில் அடைத்திருந்த மண்ணை எடுத்ததும் தண்ணீர் வந்தது. ஒரு சொல்லை நம்பி ஒரு தெருவே சும்மா இருந்திருக்கிறதே!

இப்போதெல்லாம் மழையை மாரியம்மனிடம் கேட்கிறேன். குழாய்த் தண்ணீரை ஆபீசில் கேட்கிறேன்.