தாடையை இறக்கி ஓடு, ரோஷ்ணி!

போன ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்கல் இன்னும் சூடாகவில்லை. அதற்குள் ஆக்லாந்திலிருந்து போன்.

"வாத்தியாரே, நியூஸ் கேட்டீங்களா? நம்ம ரோஷ்ணிக்கு டீம்ல எடம் கெடச்சிருச்சாமே!"

கவுண்டர்! எங்கள் கோயில் கமிட்டியின் முன்னாள் பிரசிடெண்ட். ரோஷ்ணி எங்கள் தெருப் பெண். அவள் ஓடிய பந்தயத்தை மைதானத்தில் நின்று பார்த்தவன் நான். எனக்கு நியூஸ் ஆக்லாந்திலிருந்து வருகிறது!

"ஆமாம், கெடச்சிருக்கு" என்றேன்.

"சொன்னேன்ல? தாடைய எறக்கி ஓடுன்னு அந்தப் பொண்ணுக்கு மொதமொத சொன்னது யாரு? நாந்தான! நீங்க பேப்பர்ல வாராவாரம் எழுதுறீங்கல்ல... அதுல போடுங்க. பழனி கவுண்டர்னு முழுப் பேரா போடுங்க, ஆமா."

போட்டுவிட்டேன், கவுண்டரே. கேட்டது நீங்கள்தான். பிறகு என் மேல் வருத்தப்படக்கூடாது.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்கள் நகாசி தெரியும். ஃபிஜித் தீவில் சுவாவுக்கும் நௌசோரிக்கும் நடுவில், மினிபஸ் நின்று நின்று போகிற ஊர். நான் இங்கே காண்ட்ராக்டில் வந்த கணக்கு வாத்தியார். கூவுக்கு முன்பே வந்தவன். கூ என்றால் ஆட்சிக் கவிழ்ப்பு. இங்கே சின்னப் பிள்ளைகூட அதைத் தமிழிலோ இந்தியிலோ சொல்வதில்லை. கூவுக்கு முன்னே, கூவுக்குப் பின்னே - காலமே அப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

கூவுக்குப் பின்னே மூன்று விஷயங்கள் நடந்தன. பள்ளிக்கூடத்தில் ரோஷ்ணிக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த பி.டி. மாஸ்டர் ஒரு வெள்ளிக்கிழமை வரை இருந்தார், திங்கட்கிழமை பிரிஸ்பேனில் இருந்தார். ஊரடங்கு வந்தது. ஊரடங்கு வந்ததால், ராத்திரியில் நடந்துகொண்டிருந்த நங்கோனா கச்சேரி சாயங்காலம் நாலு மணிக்கு மாறியது.

நங்கோனா தெரியுமல்லவா? ஒரு வேரை இடித்துத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது. மண்ணைக் கரைத்த மாதிரி இருக்கும். பெரிய மரக்கிண்ணத்தைச் சுற்றிப் பாயில் உட்கார வேண்டும். கொட்டாங்கச்சியில் மொண்டு ஒருவரிடம் நீட்டுவார்கள். வாங்குகிறவர் முதலில் உள்ளங்கையைக் குவித்து 'டொப்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டு, ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். குடித்து முடித்ததும் மற்றவர்களும் தட்டுவார்கள். ஃபிஜிக்காரர்களின் வழக்கம், நம் ஆட்கள் கோயில் சடங்கைவிட ஒழுங்காகக் கடைப்பிடிப்பார்கள்.

நாலைந்து கொட்டாங்கச்சி உள்ளே போனால் நாக்கு மரத்துவிடும். அப்புறம் கால் மரத்துவிடும். எழுந்து நிற்க ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

இந்தக் கச்சேரி நடந்தது கோயில் ஹாலுக்குப் பின்னால் தகர ஷெட்டில். ஷெட்டுக்கு எதிரே புல் மைதானம். அதில்தான் சாயங்காலம் ரோஷ்ணி தனியாக ஓடிப் பழகுவாள். ஆக... எழுந்து நிற்க முடியாத ஒரு பத்துப் பதினைந்து பேர், எப்படி ஓட வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார்கள்!

கவுண்டருடைய தத்துவம் தாடை. "பொண்ணே, தாடைய எறக்கு! தாடைய எறக்குனா காத்து தலைக்கு மேல போயிரும்." அவர் வாழ்க்கையில் கடைசியாக ஓடியது எப்போது என்று யாருக்கும் நினைவில்லை.

வீடியோ கடை ராஜுவின் தத்துவம் முட்டி. ஒலிம்பிக் கேசட்டை ஸ்லோ மோஷனில் போட்டுப் பார்த்தவர். "முட்டி நெஞ்சுல இடிக்கணும். இடிக்கலன்னா அது ஓட்டமில்ல, வாக்கிங்." தாடையை இறக்கி முட்டியை நெஞ்சுவரை தூக்கினால் இரண்டும் மோதிக்கொள்ளாதா என்று நான் கேட்டேன். கணக்கு வாத்தியாருக்கு ஸ்போர்ட்ஸ் புரியாது என்றார்கள்.

டாக்டர் இருக்கிறாரே - மதுரைப் பக்கத்து மனிதர், அரசாங்க ஆஸ்பத்திரி - அவர் உடம்பைத் தொடவே மாட்டார். நேராக மனசுக்குப் போய்விடுவார். "நம்பிக்கைதாம்மா எல்லாம். கான்ஃபிடென்ஸ்! இது உன் நாடு, உன் மண்ணுன்னு நெனச்சு ஓடு."

அவருக்கு மெல்போர்ன் விசா வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

கவுண்டர் வீட்டு வாசலிலோ விற்பனை போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. ராஜு கேசட்டுகளை மலிவாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒரு கொட்டாங்கச்சிக்கும் அடுத்த கொட்டாங்கச்சிக்கும் நடுவே பேச்சு என்ன தெரியுமா? விசாவுக்கு யாருக்கு எத்தனை பாயிண்ட், எந்த ஊரில் என்ன வேலை, ஃப்ரிட்ஜை எடுத்துப் போகலாமா கூடாதா... அது முடிந்ததும் திரும்பி, மைதானத்தைப் பார்த்து, "நம்பிக்கை வை பொண்ணே!"

போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. குத்தகை நிலம் போனவன், கடை எரிந்தவன் போகாமல் என்ன செய்வான்? என் காண்ட்ராக்ட் முடிந்தால் நானும் பெட்டி கட்டுகிறவன்தான். ஆனால் போகிறவன் பேசாமல் போகலாமே? தன் வீட்டையே விற்றுவிட்டு, தங்கப்போகிறவளிடம் போய் இது உன் மண் என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

அவள் தங்குவதும் நிச்சயமில்லை. ரோஷ்ணியின் அப்பா மினிபஸ் டிரைவர். ஒருநாள் பஸ்ஸில் நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்: "மாஸ்டர், நியூசிலாந்துக்கு பேப்பர் போட்டாச்சு. பசிபிக் போட்டி டீம்ல இவளுக்கு எடம் கெடச்சா இங்கியே இருந்துக்கலாம், பொண்ணுக்காக. கெடக்கலன்னா போக வேண்டியதுதான். அங்க கோழி ஃபேக்டரில வேல இருக்குதாம். எனக்கும் இருக்கு, அவளுக்கும் இருக்கு."

நூறு மீட்டரில் முதல் இரண்டு பேருக்கு இடம். இல்லாவிட்டால் கோழி உரிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் முன்னால் இருந்தது இவ்வளவுதான்.

டீம் தேர்வுப் பந்தயத்துக்கு முன்னால் நசினுவில் ஒரு சின்னப் போட்டி நடந்தது. எங்கள் ஆட்கள் வாடகை வேன் பிடித்து வந்தார்கள். நம் ஊர் வழக்கத்தை விடுவார்களா? 'ரோஷ்ணி ரசிகர் மன்றம்' என்று தமிழில் எழுதிய ஒரு பேனர். ரோஷ்ணிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

எல்லோரும் குனிந்து நின்றார்கள். துப்பாக்கி வெடித்தது. மற்ற பெண்கள் பாய்ந்தார்கள். ரோஷ்ணி பாயவில்லை. அப்படியே தரையோடு பதுங்கினாள், இரண்டு கையும் காதில். ஒரு கணம்தான். பிறகு எழுந்து ஓடினாள். கடைசியாக வந்தாள்.

திரும்பும்போது வேனில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. தாடை தூக்கியிருந்தது என்றார் கவுண்டர். முட்டி, முட்டி என்றார் ராஜு. "பேசிக்கா நம்பிக்கை இல்ல" என்றார் டாக்டர், அதுவும் அவள் காதுபடவே. பின்சீட்டிலிருந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதில் வந்தது: "யெஸ் அங்கிள்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண் என்று ஒன்று இருக்கிறவன் அந்தக் கைகள் எங்கே போயின என்று பார்த்திருக்க மாட்டானா?

மறுநாள் அவள் வேலை பார்க்கும் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனேன். பில் கவுண்ட்டரில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, "நேத்து என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன்.

ரொட்டிப் பாக்கெட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவளுடைய தமிழ் பாதி இந்தி, பாதி இங்கிலீஷ்.

"அங்கிள், கூ அன்னிக்கி நான் சுவா பிராஞ்ச்ல இருந்தேன். வெளிய கட எல்லாம் ஒடக்கிறாங்க. கன் சவுண்ட். நான் இந்த மாதிரி கவுண்ட்டர் கீழ... ரொம்ப நேரம். இப்ப கன் சவுண்ட் கேட்டா பாடி தானா நீச்சே... கீழ போகுது. நான் சொல்லல, அதுவா போகுது."

"இத அவங்க கிட்ட சொன்னியா?"

"யாரும் கேக்கலியே அங்கிள். எல்லாரும் சொல்றாங்க."

"நான் வேணா சொல்லட்டுமா?" என்றேன்.

"நஹி அங்கிள்!" பதறிவிட்டாள். "சொன்னா அதுக்கும் அட்வைஸ் குடுப்பாங்க!"

அதற்குப் பிறகு ஒரு மாறுதல். மைதானத்தின் தூரக் கோடியில் ஸ்டார்ட் எடுத்துக்கொண்டிருந்தவள், ஷெட்டுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தாள். அடுத்த வாரம் இன்னும் கிட்டே. ஷெட்டுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்பாள், ரொம்ப நேரம் அசையாமல் நிற்பாள், திடீரென்று பாய்வாள். திரும்பி நடந்து வந்து மறுபடி குனிவாள். கடைசியில் எங்கள் செருப்புகள் கிடக்கிற இடத்துக்கு அருகிலேயே வந்துவிட்டாள்.

கவுண்டருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா வாத்தியாரே! நம்ம பேச்ச நல்லா கேக்கணும்னு கிட்டயே வந்துட்டா."

தாடை, முட்டி, நம்பிக்கை எல்லாம் இரட்டிப்பு வேகத்தில் பொழிந்தன. கொட்டாங்கச்சி சுற்றிச் சுற்றி வந்தது. பாயில்தான் வாராவாரம் ஒரு இடம் காலியாகிக்கொண்டே வந்தது. ராஜு சிட்னி போனார். டாக்டர் மெல்போர்ன் போனார். போகும்போது அவளைக் கூப்பிட்டு, "விட்டுட்டு ஓடிடக்கூடாது, என்ன?" என்றார். ஏர்போர்ட்டுக்குப் புறப்பட வேன் நின்றுகொண்டிருந்தது!

தேர்வு ஒரு சனிக்கிழமை. அதே சனிக்கிழமை கவுண்டரின் ஃப்ளைட். இங்கே ஒருவர் புலம்பெயர்ந்தால் தெருவே மாலையோடு ஏர்போர்ட் போகும். ஆகவே ரசிகர் மன்றம் மொத்தமும் நௌசோரி ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. பேனரும் போனது - பின்பக்கத்தில் 'போய் வாருங்கள் பிரசிடெண்ட்' என்று எழுதிக்கொண்டு.

சுவா மைதானத்தில் ரோஷ்ணிக்கு என்று இருந்தது அவள் அப்பாவும் நானும்தான். அவர் மினிபஸ் சாவியைக் கையில் நெறித்துக்கொண்டே நின்றார்.

குனிந்தார்கள். ஒரு நிசப்தம். எனக்கு அவள் கைகளைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. துப்பாக்கி வெடித்தது. பதுங்கியது நான்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது ரோஷ்ணி எல்லோருக்கும் முன்னால் கிளம்பியிருந்தாள்.

கடைசிப் பத்தடியில் ஒரு உயரமான பெண் அவளைத் தாண்டிவிட்டாள். இரண்டாம் இடம். போதும்! அப்பா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பேப்பர வாபஸ் வாங்கிடுறேன் மாஸ்டர்" என்றார்.

கவுண்டர் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் ஒன்று: அவள் கோட்டைத் தொட்டபோது தாடை வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது மினிபஸ்ஸில் கேட்டேன். "கன் சவுண்டுக்கு என்னம்மா பண்ணே?"

அவளுக்குச் சிரிப்பு. "அங்கிள் லோக் எல்லாம் நங்கோனா குடிக்கும்போது மொதல்ல கை தட்டுவாங்கல்ல... டொப்! அது எப்ப வரும்னு எனக்குத் தெரியாது. சடனா வரும். கேட்டதும் ஓடணும், நீச்சே போகக் கூடாது. மொதல்ல தூரத்துல இருந்து பழகினேன். அப்புறம் கிட்ட. கிட்ட கேட்டா கன் மாதிரியே இருக்கும்."

"அப்போ அவங்க சொன்ன அட்வைஸ்?"

"அது எனக்கு சரியா புரியாது அங்கிள். பழைய தமிழ்."

ஆக, பழனி கவுண்டர் அவர்களே... மாதக்கணக்கில் நீங்கள் வாயால் சொன்னது ஒன்றும் அவளிடம் போய்ச் சேரவில்லை. நங்கோனா வருகிற ஆசையில் உங்களை அறியாமல் தட்டினீர்களே, அதுதான் சேர்ந்தது. உங்கள் பெயரை முழுசாகப் போட்டதற்கு அந்த ஒரு காரணம்தான். உங்கள் தாடைக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை. கைகளுக்குச் சொல்லலாம்.

இப்போது ஷெட்டில் யாரும் இல்லை. பாயைச் சுருட்டிக் கோயில் ஸ்டோர் ரூமில் வைத்தாகிவிட்டது. மரக்கிண்ணத்தைக் கவுண்டரே ஆக்லாந்துக்கு எடுத்துப் போய்விட்டார்.

முந்தாநாள் சாயங்காலம் வாசலில் ரோஷ்ணி. ஓடுகிற ஷூவோடு நிற்கிறாள். பசிபிக் போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான்.

"அங்கிள், ஃப்ரீயா?"

"வாம்மா! நானே சொல்லணும்னு இருந்தேன். கடைசிப் பத்தடில உன் தோள் இருக்கு பாரு..."

"அங்கிள்" என்று கையைக் கூப்பிவிட்டாள். "ஒண்ணும் சொல்லாதீங்க. வந்து கை மட்டும் தட்டுங்க."

கூவுக்குப் பிறகு இந்த ஊரில் நான் கேட்ட ஒரே உருப்படியான யோசனை அதுதான்.