ஏற்றிப் பார்க்காத மெழுகுவத்தி

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போட்ட நிலம் மழையில்லாமல் காய்ந்தபின், சரசு தன் புருஷன் தருமனோடும் மாமியார் காசியம்மாளோடும் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தாள். தருமன் லாரியில் கிளீனராகப் போனான். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். சரசு ஒரு பயிற்சியில் மெழுகுவத்தி ஊற்றக் கற்று, இரண்டு அலுமினிய அச்சு வாங்கிப் போட்டாள். அது எழுபத்தெட்டாம் வருஷம். கரண்டு நினைத்தால் வரும், நினைத்தால் போகும், வியாபாரத்துக்குக் குறையில்லை.

காசியம்மாளுக்குத்தான் ஆகவில்லை. "மாட்டுக் கொழுப்புல செய்யறதாமே! அதெல்லாம் ஒரு வெளக்கா? வீட்ல வெச்சா லட்சுமி வாசப்படி மிதிப்பாளா?"

சும்மா சொல்லக் கூடாது, கிழவி சொன்னதில் பாதி உண்மை. ஒரு காலத்தில் சீமையில் கொழுப்பை உருக்கித்தான் வத்தி செய்தார்கள். ஏழை வீட்டுக்கு அந்த நாற்றமும் புகையும்தான் வெளிச்சம். தேன்மெழுகு மாதாகோயிலுக்கும் மகாராஜாவுக்கும். அப்புறம் பூமியிலிருந்து எடுத்த எண்ணெயைப் பிரித்தபோது கிடைத்ததுதான் இந்த வெள்ளை மெழுகு.

"மண்ணெண்ணெய்க்கு இது கூடப்பொறந்தது, அத்தே. அரிக்கேன் வெளக்கு மட்டும் ஆவுமா?" என்று சரசு சொல்லிப் பார்த்தாள். கேட்டால்தானே!

எண்பத்து மூன்றில் கிழவி கெடு வைத்தாள். "கார்த்திகைத் தீபம் முடியட்டும். அச்சை வித்துட்டு ஊருக்குப் போறோம். தருமன் கிட்ட பேசிட்டேன்."

ஊருக்குப் போனால் அடுத்தவர் நிலத்தில் களையெடுப்புதான். சரசுவுக்கென்று இருந்தது அந்த அச்சு மட்டும்தான். ஒரே நம்பிக்கை, செங்கம் ரோட்டு லாட்ஜ் மேனேஜர் அப்பாதுரை. தீபத்தன்றைக்குச் சில பெட்டிகள் கேட்டிருந்தார். நன்றாக இருந்தால் இனி அவளிடமே வாங்குவதாகச் சொல்லியிருந்தார். அது அமைந்தால் தருமன் தன் பக்கம் பேசுவான் என்று சரசு நம்பினாள்.

தீபத்தன்று காலை பார்த்துத் திரி நூல் தீர்ந்துபோயிற்று. மழையில் ஓடிக் கடைத்தெருவில் கிடைத்த நூலை வாங்கிவந்து ஊற்றினாள். ஒவ்வொரு தடவை ஊற்றியதும் ஒன்றை ஏற்றி, ஒழுங்காக எரிகிறதா என்று பார்ப்பாள். அன்று தீப்பெட்டியை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டாள். மலைமேல் தீபம் தெரியாமல் இந்த ஊரில் யார் வீட்டில் விளக்கேற்றுகிறார்கள்? மெழுகு உருக்க அடுப்பு மூட்டலாம்; அடுப்பு வேறு, விளக்கு வேறு. மத்தியானமே பெட்டிகளை அப்படியே கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் மலையில் சுடர் தெரிந்தது. ஊரே அரோகரா போட்டது. சரசு அகல்களை ஏற்றி முடிப்பதற்குள் கரண்டு போயிற்று. நல்லதாப் போச்சு என்று சந்தோஷப்பட்டாள், பாவி மகள். கொஞ்ச நேரத்தில் அப்பாதுரை பெட்டிகளோடு வாசலில் நின்றார்.

"இது மெழுகுவத்தியா, சுண்ணாம்புக் குச்சியா? ரூம் ரூமா ஜனங்க கத்தறாங்கம்மா!"

சரசு ஒன்றை எடுத்து ஏற்றினாள். திரி உருகி உருண்டை கட்டியது. சுடர் தன் மெழுகிலேயே முழுகி அணைந்தது. நூலில் நைலான் கலப்பு.

"ஏத்திப் பாக்காமலா குடுத்த?"

"மலையில தெரியாம எப்படிங்க ஏத்தறது?"

"நல்ல கதை! மெழுகுவத்திக்கெல்லாம் யாரும்மா அதைப் பாக்கறாங்க? அதென்ன வெளக்கா?"

உள்ளேயிருந்து காசியம்மாள் எழுந்து வருவதைச் சரசு பார்த்தாள். தொலைந்தது, இனி பேச என்ன இருக்கிறது?

"வெளக்கு இல்லாம பின்ன என்னங்க?" என்றாள் கிழவி, மேனேஜரைப் பார்த்து. "சாமிக்குப் பயந்து பொழைப்பையே உட்டவ எம் மருமவ. வேற ஊத்திக் குடுப்பா. வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்."

அப்பாதுரை பெட்டிகளை வைத்துவிட்டுப் போனார். வாங்குவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சரசு சுவரோரம் உட்கார்ந்து அழுதாள்.

"அழுவாதடி. நூலு குடுத்தவன் எந்தக் கடைக்காரன்? விடிஞ்சதும் நானும் வரேன், அவன் சட்டையப் புடிக்கிறேன்."

சொல்லிக்கொண்டே காசியம்மாள் ஒரு பெட்டியைப் பிரித்து, வத்திகளை ஒவ்வொன்றாக ஒடித்து உருக்குகிற சட்டியில் போட்டாள். அதுநாள்வரை அவள் அவற்றைக் கையால் தொட்டதில்லை.