மாமா தடுத்த கோல்

என் மாமா பொய் சொல்கிறார்.

வீட்டுக்குள் சொன்ன பொய் என்றால் விட்டிருப்பேன். இது மேடையேறி, மைக்கைப் பிடித்து, தோளில் பொன்னாடையோடு சொன்ன பொய். போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கம் சின்னம்மாவுக்குப் பாராட்டு விழா எடுத்தது. சின்னம்மா என் அம்மாவின் தங்கை. ஒக்லாந்தில் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்தே தலை நரைத்தவர். இந்த வருடம்தான் ஓய்வு பெற்றார். அவரைப் பற்றிப் பேச அவருடைய அண்ணனை, அதாவது மாமாவை, அழைத்தார்கள். மாமா முழுக்கத் தன்னைப் பற்றித்தான் பேசினார்.

"தங்கச்சிக்கு முதல் நாளில இருந்தே ஊக்கம் குடுத்தது நான். அண்டைக்கு நான் ஐஸுக்குள்ள பாய்ஞ்சு அந்தக் கோலைத் தடுத்திருக்காட்டி, அவ இண்டைக்கு இந்த மேடையில இல்லை."

மண்டபமே கைதட்டியது. சின்னம்மாவும் சேர்ந்து கைதட்டினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்று நான் அங்கே இருந்தேன். எனக்கு ஒன்பது வயது. நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளில் நாங்கள் எல்லோரும் கிளென்ஃபீல்டில் மாமாவின் வீட்டில் ஒன்றாக இருந்தோம். சின்னம்மா யாழ்ப்பாணத்தில் பெண்கள் பள்ளியொன்றில் விளையாட்டு ஆசிரியை. இங்கே வந்து ஒனிஹங்காவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி கட்டினார். பக்கத்தில் நின்று வேலை செய்த, டொங்காத் தீவைச் சேர்ந்த பெண், ஒரு ஐஸ் ஹொக்கி அணிக்குக் கோல் காப்பவள். அவர்களுடைய பயிற்சியாளர் ஒஸ்ரேலியாவுக்குப் போய்விட்டார். சும்மா பார்க்கலாம் என்று ஒரு சனிக்கிழமை போன சின்னம்மா, வெளியே நின்றபடியே கத்தத் தொடங்கினார். யார் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குத் தள்ள வேண்டும் என்று எல்லாம் அவரே சொன்னார். அடுத்த சனி அந்த அணி அவர் கைக்கு வந்துவிட்டது.

சின்னம்மாவுக்கு அப்போது ஐஸில் நிற்கவே தெரியாது. ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு கரையில் நிற்பார். பிறகு விழுந்து விழுந்து பழகினார். அவசரத்தில் அவருக்கு ஆங்கிலம் வராது. "விடாதை! திரும்பு! உள்ளுக்குப் போ!" என்று தமிழில்தான் கத்துவார். அந்தப் பெண்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரணிக்கு ஒன்றும் விளங்காது, அது இன்னும் வசதி. டொங்காப் பெண் "விடாதை" என்று சொன்னால் நான் சொல்வதை விட நன்றாக இருக்கும். நான் வீட்டில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை.

மாமாவுக்கு வயிற்றெரிச்சல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நடத்துபவர் அவர். ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. சொந்தத் தங்கை, அதுவும் ஊரில் ஆசிரியையாக இருந்தவள், எங்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு டொங்காக்காரிக்குத் தமிழ் படிப்பிக்கிறாள் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் புலம்புவார். கடைசியில் ஒரு நாள் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வாற சனி தோத்தியெண்டா இந்த விசர் விளையாட்டை விட்டிட்டுப் பள்ளிக்கு வாறியோ?"

"தோக்காட்டி?"

"தோக்காட்டி நான் இனி வாய் திறக்கேல்லை."

"ஓமண்ணா. சரி," என்றார் சின்னம்மா. சோற்றைப் பிசைந்த கை நிற்கவே இல்லை. அந்த அணி அந்தப் பருவம் முழுக்கத் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. எனக்கே தெரியும். ஊக்கம் கொடுத்தாராம்!

சனிக்கிழமை பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டு, எங்களைக் காரில் அடைத்துக்கொண்டு துறைமுகப் பாலம் தாண்டிப் போனார் மாமா. தங்கை தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமாம். கோட்டும் டையும் கட்டியிருந்தார். அம்மா ஏதோ சுற்றுலா போகிற மாதிரி கட்லட்டும் பிளாஸ்க்கில் தேநீரும் கொண்டுவந்தார். உள்ளே குளிர் எலும்பைக் கடித்தது.

முதலில் மாமா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்னம்மாவின் அணி ஒரு கோல் போட்டபோது "தற்செயல்" என்றார். எதிரணி இரண்டு போட்டது. "பாத்தியளே, நான் சொன்னனான்" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரத்தில் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். கையில் பாதி கடித்த கட்லட். மற்றப் பாதியைச் சாப்பிட மறந்துபோனார். அதை வாங்கி நான் சாப்பிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம். இன்னும் ஒரு கோல் பின்னால்தான் நின்றார்கள். அப்போது சின்னம்மா கையை வீசினார். கோல் காத்துக்கொண்டிருந்த டொங்காப் பெண், கோலை விட்டுவிட்டு நேராக வெளியே போய்விட்டாள். அவளுக்குப் பதிலாக இன்னொருத்தி முன்னால் அடிக்கப் பாய்ந்தாள்.

இந்த விளையாட்டில் அதற்கு அனுமதி உண்டு. எப்படியும் தோற்கப்போகிறோம் என்றால் கோல் காப்பவளை வெளியே எடுத்து, அடிக்க ஒரு ஆள் கூட்டலாம். இது எங்களுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்ததெல்லாம் உதைபந்தாட்டம். அவர் துள்ளி எழுந்தார்.

"ஐயோ! கோலுக்குள்ள ஒருத்தரும் இல்லை! எடியேய்! பின்னால பாரடி!"

"மச்சான், இரும்," என்று அப்பா கோட்டைப் பிடித்தார். கோட்டின் நுனிதான் கையில் பட்டது.

எங்கள் பக்கம், கோலுக்கு அருகே, ஐஸைச் சமப்படுத்தும் வண்டி வந்துபோகிற பெரிய கதவு ஒன்று இருந்தது. யாரோ அதன் கொக்கியைச் சரியாகக் கொளுவவில்லை. மாமா அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். ஒரு அடி வைத்தார். அடுத்த அடியை அவர் வைக்கவில்லை, ஐஸ் வைத்தது. மல்லாக்க விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், வெறும் கோலுக்கு முன்னால் பள்ளிகொண்ட பெருமாள் மாதிரி ஒருக்களித்துக் கிடந்தார். அதே நேரம் எதிரணிக்காரி ஒருத்தி தூரத்திலிருந்து அடித்த கறுப்பு ரப்பர் வட்டு, ஆளில்லாத கோலை நோக்கி மெல்ல ஆறுதலாக வந்தது. வந்து மாமாவின் சப்பாத்தில் பட்டு நின்றது.

ஓம், தடுத்தார். அது மட்டும் உண்மை. மிச்சத்தைத்தான் மேடையில் முழுங்கிவிட்டார்.

நடுவர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். கீழே கிடந்த டைகட்டிய மனிதரைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பார்த்து, "இவர் உங்கள் ஆளா?" என்று கேட்டார். யாரோ வழிதவறி வந்த வெளியாள் என்றால் ஆட்டத்தை மறுபடி தொடங்கலாம். அணியின் ஆள் தடுத்தது என்றால், அதை எதிரணிக்குக் கோலாகவே கொடுத்துவிடுவேன் என்றார். தடுப்புக்குப் பின்னால் நின்ற எங்களுக்கும் கேட்டது.

சின்னம்மா கண்ணை இமைக்கவில்லை. இந்த மனிதரை வாழ்க்கையில் பார்த்ததே இல்லை என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்.

வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் போதும். ஆட்டம் தொடர்ந்திருக்கும். மாமா முழங்கையை ஊன்றி எழும்பினார்.

"என்னது? தெரியாதோ? எடியேய், உன்ர சொந்த அண்ணனைத் தெரியாதோ?" நடுவரின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டார். "சேர்! ஐ ஆம் ஹேர் பிரதர்! ஐ கேம் டு ஹெல்ப் த டீம்!"

நடுவர் கையை உயர்த்தினார். கோல். அதோடு ஆட்டம் முடிந்தது.

டொங்காப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தரையில் உட்கார்ந்தே விட்டாள். எதிரணிப் பெண்கள் இருவர்தான் மாமாவைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தார்கள். அடுத்த ஆட்டத்துக்கும் உன் அண்ணனைக் கூட்டி வா, எனக்கு லீவு வேண்டும் என்று டொங்காப் பெண் சின்னம்மாவிடம் சொன்னாள்.

எல்லோரும் காரில் திரும்பினோம். பாலத்தில் ஏறியதும் சின்னம்மாதான் தொடங்கினார்.

"சரியண்ணா. தோத்திட்டம். வாற சனி பள்ளிக்கு வாறன்."

மாமா பாதையையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். "அந்தக் கறுப்புச் சில்லு என்ன பாரமடி, கால் விண் விண்ணெண்டுது," என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போனபின், "ஏன் உள்ளுக்கு ஒருத்தரையும் விடேல்லை?" என்று கேட்டார். சின்னம்மா விளக்கிச் சொன்னார். வீடு வரும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார்.

அடுத்த சனி காலை, வெளியே கார் ஹோர்ன் விடாமல் அடித்தது. சின்னம்மா சேலை கட்டிக்கொண்டு, பள்ளிக்குப் போகப் பாடப்புத்தகத்தோடு வந்தார். மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இதென்ன கோலம்? உன்ர ஐஸ் கத்திச் சப்பாத்து எங்கை? நேரம் போகுது, ஏறு!"

எனக்குப் பந்தயம் என்றால் பந்தயம். பெரியவர் மறந்துபோனார் என்று நினைத்து, ஓடிப்போய் நினைவூட்டினேன். மாமா, சின்னம்மா தோற்றுவிட்டார், விளையாட்டை விட வேண்டும், நீங்கள்தான் சொன்னீர்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது. சின்னம்மாவைக் கொண்டுபோய் ஐஸில் விட்டுவிட்டு வந்து, அவருடைய வகுப்பை அன்று மாமாவே எடுத்தார். குட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அழுதுகொண்டே வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளிலும், சின்னம்மா சொந்தமாகக் கார் வாங்கும்வரை, அவரைக் கொண்டுபோய் விட்டது மாமாதான். ஐஸ் இருக்கிற பக்கம் மட்டும் கால் வைக்க மாட்டார். காருக்குள் இருந்தபடியே வாசலில் இறக்கிவிட்டுப் பள்ளிக்குத் திரும்பிவிடுவார்.

ஆகவே மாமா, நீங்கள் ஊக்கம் கொடுக்கவில்லை. ஆட்டத்தைக் காப்பாற்றவில்லை, கெடுத்தீர்கள். இதைச் சங்கத்து மலருக்குத்தான் அனுப்புகிறேன், எல்லோரும் படிக்கட்டும். ஆனால் இன்னொன்றும் கேட்க வேண்டும். தங்கை தோற்க வேண்டும் என்றுதானே வந்தீர்கள்? கோல் திறந்து கிடந்தது. வட்டு தன்பாட்டில் உள்ளே போயிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீங்கள் நினைத்தது நடந்திருக்கும். பிறகு ஏன் ஓடினீர்கள்?

பதிலை எனக்குப் போனில் சொல்ல வேண்டாம். அடுத்த விழாவில் அதே மேடையில், அதே மைக்கில், சின்னம்மாவை முன்வரிசையில் இருத்திவிட்டுச் சொல்லுங்கள்.