இரண்டு விளக்கு

மார்கழி இரண்டாம் ஞாயிறு, காலை. பாகலூர் சாலையில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் கடை ஒன்றில் அவரைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும். தொழிற்சாலைச் சீருடையில் இருந்தார். பேசும்போதெல்லாம் பைக்கின் முன்விளக்கை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தார். பெயரை நான் கேட்கவில்லை.

அந்த பைக்கின் முகப்பில் இரண்டு விளக்குகள். வாங்கியபோது ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும். எதிரே வருகிறவர்கள் எல்லாம், "ஒரு லைட்டு போயிடுச்சு பாருப்பா" என்று சொல்ல, கூச்சப்பட்டு இரண்டும் சேர்ந்து எரியும்படி மாற்றியிருந்தார். இப்போது பழையபடி ஆக்கச் சொன்னார்.

"மறுபடி ஒத்தக் கண்ணன்னு கிண்டல் பண்ணுவாங்களேப்பா?" என்றார் கடைக்காரர்.

"பண்ணட்டும்ணா. போன வாரம் பொழுது சாய ஊருக்குப் போறேன், எதுக்க மொபெட்டுல எங்கப்பா. ரெண்டு லைட்டப் பார்த்து கார்னு நினைச்சு ஒதுங்கி, பள்ளத்துல விழுந்துட்டாரு. கை முறிஞ்சுபோச்சு. நாந்தான் தூக்கினேன்."

"அது நீதான்னு சொல்லிட்டியா?"

அவர் விளக்கைத் துடைத்தார். அதற்குள் அவருடைய செல்போன் அடித்தது. அப்பாவின் குரல் எங்களுக்கும் கேட்டது.

"அந்தக் கார்க்காரன் ஆப்ட்டானாடா? நீ மட்டும் வரலன்னா அங்கயே கெடந்திருப்பேன்."

"தேடிட்டிருக்கேன்ப்பா" என்றார், தலையைக் குனிந்தபடி.

கடைக்காரர் ஒற்றை விளக்கை எரியவிட்டுக் காட்டினார். அவர் எரியாத விளக்கையும் ஒருமுறை துடைத்துவிட்டுக் கிளம்பினார்.

ஒற்றை விளக்கோடு எதிரே வருகிற யாரிடமும் இப்போது நான் விளக்கைப் பற்றிச் சொல்வதில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.