ஏரிக்கரையில் நான் வெட்டிய முள்

கொரட்டூர் ஏரிக்கரையில் நான் ஒருவனுடைய கையை உடைத்திருக்கிறேன். வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அடித்தேன். எலும்பு முறிந்தது காதில் விழுவதற்கு முன் கையில் தெரிந்தது. கத்தியின் பிடி வழியாக அது என் உள்ளங்கைக்கு வந்தது. அதற்கு முன்பும் பின்பும் நான் யாரையும் அடித்ததில்லை. தெருவில் இரண்டு பேர் குரலை உயர்த்தினாலே அடுத்த தெரு வழியாகப் போகிறவன் நான். காலையில் நடக்க ஒரு நல்ல பாதை வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அங்கே ஆரம்பித்தது எல்லாம்.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன். தகட்டை வைத்து மிதித்தால் மேலேயிருந்து அச்சு இறங்கும். நாள் முழுக்க அதே இறக்கம், அதே சத்தம். பக்கத்து மெஷின்காரர் ஒரு நாள் இரண்டு விரல்களை அதில் விட்டார். மெஷினைத் துணியால் துடைத்துவிட்டு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் இன்னொருவரை அங்கே உட்கார வைத்தார்கள். விரல் போனவர் கட்டுப் பிரித்ததும் அதே மெஷினுக்குத் திரும்பி வந்தார். வீட்டுக்கு வந்து படுத்தாலும் அந்தத் தடால் தடால் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அது நிற்கும் ஒரே இடம் ஏரிக்கரை. எனக்கு இரண்டாவது ஷிப்ட் என்பதால் காலை நேரம் என்னுடையது. ரயில்வே லைனைத் தாண்டி, மதகு ஓரமாகக் கரை ஏறினால் காற்று முகத்தில் அடிக்கும். ஆகாயத்தாமரை இல்லாத இடத்தில் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும். நீர்க்கோழி ஒன்று கத்தினால் எதிர்க்கரையில் இன்னொன்று பதில் கொடுக்கும். உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் வரை போய்த் திரும்பினால் முக்கால் மணி நேரம். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு அது போதும்.

ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம் உத்தியோகஸ்தர்கள் குடியிருந்த காலனிக்குள் ஒரு பூங்கா இருந்தது. சுற்றுச்சுவர், துருப்பிடித்த சறுக்குமரம், இரண்டு சிமெண்ட் பெஞ்சு. எருமைகள் படுத்துக் கிடக்கும். அதனால் காலனிக்காரர்களும் ஒவ்வொருவராகக் கரைக்கு நடக்க வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் ஒரு பெரியவர். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், திருநெல்வேலிக்காரர். கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, கையை வீசி, முன்னால் நடப்பார். அவரோடு கண்ணாடி போட்ட ஒரு பேங்க்காரர் வருவார், கையில் மூன்று செல் டார்ச்சோடு. ஒருநாள் ஃபோர்மேன் என்னை நிறுத்தி, "தம்பி, தெனமும் தனியா நடக்கீங்க, எங்க கூட வாங்களேன்" என்றார். என்னைத் தம்பி என்று கூப்பிட்டு, நீங்க வாங்க என்று பேசிய முதல் பெரிய மனிதர் அவர்தான். நான் அவர்களுக்குப் பின்னால், நாலடி விட்டு, நடக்க ஆரம்பித்தேன்.

கரையின் நடுப்பகுதியில் வேலிகாத்தான் முள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது. ஆள் உயரத்துக்கு மேல். அங்கே ஒரு ஆள் மட்டும் உடம்பைக் குறுக்கிக்கொண்டு போகலாம்.

"இந்த முள்ளை மட்டும் எடுத்துட்டோம்னு வைங்க, கொடைக்கானல் ஏரி நம்மகிட்ட பிச்சை வாங்கணும்" என்றார் ஃபோர்மேன்.

"யார் சார் எடுக்கறது? நம்ம கைக்கு அது பழக்கமில்லையே" என்றார் பேங்க்காரர்.

"நான் வெட்றேன் சார்" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அது யார் குரல் என்று ஒரு கணம் தெரியவில்லை.

அந்த முள் யாருக்கு எதற்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். கரைக்குக் கீழே ஐம்பது அறுபது குடிசைகள். ஒரு காலத்தில் ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவர்கள், இப்போது லாரியில் லோடு ஏற்றவும் கம்பெனிகளில் எடுபிடிக்கும் போகிறவர்கள். எந்த வீட்டிலும் கழிப்பறை கிடையாது. பொழுது விடிவதற்கு முன் பெண்கள் அந்த முள்ளுக்குப் பின்னால்தான் ஒதுங்குவார்கள். நான் அந்தக் குடிசைகளில் பிறந்தவன். என் அம்மாவும் அங்கேதான் போய்வந்தாள். அவள் செத்த பிறகுதான் நான் லைனுக்கு இந்தப் பக்கம் ஓர் அறை எடுத்து வந்தேன். இதை அந்த இரண்டு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். கேன்வாஸ் ஷூவுக்கும் கண்ணாடிக்கும் முன்னால் அந்த வார்த்தையை எப்படி எடுப்பது என்று தெரியவில்லை. சொன்னால் நான் எங்கேயிருந்து வந்தவன் என்பதும் கூடவே வெளியே வரும். வாயை மூடிக்கொண்டு கத்தியைச் சாணை பிடித்தேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமை வெட்டினேன். கவைக்கம்பால் கிளையை அழுத்திப் பிடித்து, அடியில் சாய்வாக ஒரு வெட்டு. சாய்த்து வெட்டினால்தான் கத்தி இறங்கும். முள் திருப்பி அடிக்கும். கன்னத்தில் கிழித்தது, புருவத்தில் ஏறியது, முழங்கையில் ஒடிந்த ஒரு முள் சீழ் வைத்துப் பத்து நாள் கழித்து வெளியே வந்தது. எனக்கு வலிக்கவில்லை. மாலையில் ஃபோர்மேன் வந்து பார்த்து, "ஏ அப்பா, ஒத்தை ஆளா இதைச் செஞ்சீங்க?" என்று என் தோளைத் தட்டிய இடம் ராத்திரி வரைக்கும் சூடாக இருந்தது. வேரைத் தோண்டி எடுக்கவில்லை. சாய்வாக வெட்டிய அடிக்கட்டைகள் ஈட்டி முனை மாதிரி கரைச் சரிவு முழுக்க நின்றன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

நாலாவது ஞாயிறு முடிந்து, மறுநாள் திங்கட்கிழமை, இருட்டு பிரியாத நேரத்தில் மூன்று பேரும் நடந்தோம். பாதை அகலமாக இருந்தது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் போகலாம். முதல் தடவையாக நான் ஃபோர்மேனுக்குப் பக்கத்தில் நடந்தேன். பேங்க்காரர் டார்ச்சைச் சரிவுப் பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் ஒரு பெண் எழுந்து ஓடினாள். மூன்று எட்டு வைத்திருப்பாள். அப்புறம் ஒரு அலறல்.

குரலை வைத்தே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னோடு சேர்ந்து இந்த ஏரியில் நீச்சல் பழகிய லோடுமேனின் பெண்டாட்டி.

"பொம்பளைங்க போல. வாங்க, வந்த வழியே போயிருவோம்" என்றார் ஃபோர்மேன். பேங்க்காரர் டார்ச்சை அணைத்தார். நாங்கள் வேகமாக நடந்தோம். நானும் நடந்தேன். பின்னால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது மதகு வரை கேட்டது.

நான் வெட்டிய கட்டை அவள் கெண்டைக்காலில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வந்திருந்தது. அதைக் காலை எட்டு மணிக்கு டீக்கடையில் கேட்டேன். டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஃபோர்மேன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். "நாளைக்கு அந்தக் கட்டையெல்லாம் தோண்டி எடுத்துருவோம் தம்பி. கத்தியைக் கொண்டாங்க. பயந்து வீட்ல உக்காந்தா பாதையும் போயிரும்" என்றார்.

மறுநாள் காலை, லேசாக வெளிச்சம் வந்த பிறகு போனோம். நான் முதல் கட்டையின் அடியில் கத்தி முனையால் மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தேன். லோடுமேன் கீழேயிருந்து ஏறி வந்தான். கையில் சவுக்குக் கட்டை. அவன் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"இன்னா மச்சான், மிச்சம் மீதி கீதா வெட்றதுக்கு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். நான் குனிந்தபடியே இருந்தேன்.

ஃபோர்மேன் முன்னால் போய், "ஏம்ப்பா, பொது இடம் இது" என்று ஆரம்பித்தார்.

"பொது இடமா? டார்ச்சு அடிச்சுப் பாக்கறதுக்கா?"

கட்டை அவர் தோளில் விழுந்தது. அவர் முழங்காலில் உட்கார்ந்தார். இரண்டாவது அடி முதுகில். அவர் கத்தவில்லை, காற்று போன பந்து மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. பேங்க்காரர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். லோடுமேன் மூன்றாவது தடவை கட்டையை ஓங்கினான். அது தலைக்குப் போகும் ஓங்கல். அப்போதுதான் அடித்தேன். கத்தியைத் திருப்பினேன் என்பது மட்டும்தான் என் பக்கத்து நியாயம். அவன் கை, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கித் தொங்கியது. அவன் கையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"நீயாடா?" என்றான்.

பிறகு கல் வந்தது. முதல் கல் முதுகில், இரண்டாவது காதோரம், மூன்றாவது நெற்றியில். ரத்தம் கண்ணை மூடிவிட்டது. ஃபோர்மேனின் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்துக்கொண்டு மதகை நோக்கிப் போனேன். பெண்களும் எறிந்தார்கள். சின்ன வயதில் எனக்குச் சோறு போட்டவர்கள் எறிந்த கற்கள் அவை. அவர்கள் எறிந்ததுதான் குறி தப்பாமல் விழுந்தது. ரயில்வே லைன் வரை துரத்தினார்கள். எனக்கு ஏழு தையல். இப்போதும் தலை சீவும்போது சீப்பு அந்த இடத்தில் தட்டும்.

சாயந்திரம் போலீஸ் ஸ்டேஷனில் இரு தரப்பையும் எதிரெதிர் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இடம் இல்லாததால் நான் லோடுமேனுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அவன் கையில் புதுக் கட்டு, என் தலையில் புதுக் கட்டு.

"ஒரு முள்ளுக்கா இவ்ளோ ரத்தம்? யாருய்யா வெட்டச் சொன்னது?" என்று கேட்டார் ஏட்டு.

"நாந்தான் சார் சொன்னேன். அங்க பொம்பளையாளுங்க வருவாங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார் ஃபோர்மேன்.

"இவனுக்குத் தெரியும் சார்" என்றான் லோடுமேன். "கேளுங்க. இவன் அம்மா சாவுற வரிக்கும் அங்கதான் போய்கினு வந்துச்சு."

ஃபோர்மேன் என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி எங்கிட்ட சொல்லல?"

"வெக்கமா இருந்திச்சு சார்" என்றேன்.

ஏட்டு சிரித்துவிட்டார். எதிர் பெஞ்சிலும் யாரோ சிரித்தார்கள். லோடுமேன் சிரிக்கவில்லை. பெஞ்சுக்கு அடியில் என் கணுக்காலில் ஓர் உதை விட்டான். செருப்பின் ஆணி தோலைப் பிய்த்தது. நான் காலை நகர்த்தவில்லை.

புகார் வேண்டாம் என்று இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார்கள். விடிந்து வெயில் வரும் வரை காலனிக்காரர்கள் கரை ஏறக் கூடாது என்று பேசி முடித்தார்கள். வெளியே வந்ததும் ஃபோர்மேன் தோளைப் பிடித்தபடி வேறு பக்கமாக நடந்துபோனார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவேயில்லை.

ஆனால் முள் இல்லையே. நேரம் ஒதுக்கினால் மறைவு வந்துவிடுமா? இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாவது நாள் லோடுமேன் வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி காலை நீட்டி உட்கார்ந்து அடுப்பு எரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியை எறிந்தாள். சூடான கஞ்சியோடு அது என் மார்பில் பட்டது.

"எதுக்கு வந்த? இன்னொரு காலு கீதே, அதையும் பாத்துட்டுப் போலான்னா?"

"இன்னா செய்யணும் சொல்லு, செய்றேன்" என்றேன்.

"பொம்பளைங்கல்லாம் ரயில்ரோட்டுக்கு அந்தாண்ட போறோம். நேத்து ஒரு கெய்வி லைன்ல தடுக்கி விய்ந்துச்சு, கூட்ஸ் வண்டி வந்துகினு இருந்துச்சு. இன்னா செய்யணும்னு என்னைக் கேக்கறான் பாரு. கட்டுடா, மறைப்பு கட்டு."

நாலு சவுக்குக் கம்பும் தென்னங்கீற்றும் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய், முள் இருந்த இடத்தில் கட்ட ஆரம்பித்தேன். முதலில் எல்லாக் கட்டைகளையும் வேரோடு தோண்டினேன். லோடுமேன் வந்து கரைமேல் உட்கார்ந்துகொண்டான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, ஒவ்வொரு கீற்றுக்கும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். நடு நடுவே யோசனையும் சொன்னான்.

"இன்னும் ஒசரம் ஏத்துடா, பேமானி. கரமேல போறவன் எட்டிப் பாத்தா?"

ஏற்றினேன். கட்டி முடித்ததும் அவன் எழுந்து வந்து ஒரு கம்பை உதைத்தான். அது சாய்ந்தது. "திருப்பி நடு" என்றான். இரண்டு முழம் ஆழம் தோண்டித் திருப்பி நட்டேன். மறுபடி உதைத்தான். நின்றது. போகிற போக்கில் என்னையும் ஒரு உதை உதைத்தான்.

கை கூடி லோடுக்குப் போகும் வரை, தினமும் விடியற்காலையில் அவன் மதகுக்குப் பக்கத்தில் இடது கையில் ஒரு கம்போடு உட்கார்ந்திருந்தான். காலனிக்காரர்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் வரவில்லை. அவர்கள் எருமைகளை விரட்டிவிட்டுப் பூங்காவைச் சுற்றி நடக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வேறு இடம் தெரியாது. ஒரு வாரம் கழித்து, வெயில் வந்துவிட்டது என்று நினைத்துக் கரைக்குப் போனேன். அவன் கம்பை நீட்டினான். அதன் முனை என் நெஞ்சில் வந்து முட்டியது.

"உள்ள ரெண்டு பேர் கீறாங்கோ" என்றான். "நில்லு."

நின்றேன்.