பேரைக் கேட்காத பெட்டி

என் நாத்தனாரைத் திமிர் பிடித்தவள் என்றுதான் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கல்யாணம் பேச வந்தவர் "கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதுக்கு?" என்று கேட்டபோது, அவர் பாதி குடித்திருந்த டம்ளரைக் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

இப்போது முப்பத்தெட்டு வயது. எங்கள் நடு அறையில் தையல் மெஷினை ஓரம் தள்ளிவிட்டு, கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரியும்படி சொன்னாள்: "இணையப் பக்கத்துல நாம தொடுற பெட்டி, பட்டன் எல்லாம் நான் செய்யறது அண்ணி. எந்தப் பிரௌசர்ல திறந்தாலும் வேலை செய்யணும்."

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரிக்காக, டாக்டரைப் பார்க்கத் தேதி குறிக்கும் பெட்டி செய்தாள். தொட்டால் அழகாகக் காலண்டர் விரியும். என்னுடைய பழைய போனில் மட்டும் கல் மாதிரி கிடந்தது.

"உங்க போன் பொய் சொல்லுது அண்ணி. பிரௌசரோட பேரைக் கேட்டுத்தான் நான் காலண்டரை அனுப்பறேன். இதுல இருக்கற பழைய பிரௌசர் புதுசோட பேரைச் சொல்லி உள்ள வந்துடுச்சு."

"நிஜத்தைச் சொன்னா விடமாட்டாங்கன்னு பயந்திருக்கும், பாவம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. பேரை ஏன் கேட்டேன்?"

எழுதியதையெல்லாம் அழித்தாள். புதிதாக எழுதியது பேரே கேட்காது. 'உனக்குக் காலண்டர் காட்டத் தெரியுமா?' என்று மட்டும் கேட்கும். தெரிந்தால் காலண்டர், தெரியாவிட்டால் நாள், மாதம், வருடம் என்று மூன்று வெறும் பெட்டிகள்.

அவளுடைய கம்பெனி மேனேஜர் போனில் கத்தினார். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டுமாம். "பழைய போன்காரங்க நூத்துக்கு மூணு பேரும்மா. 'உங்கள் பிரௌசரை மாற்றவும்'னு ஒரு வரி போட்டுத் தலைமுழுகு!"

"அந்த மூணு பேருக்கும் காய்ச்சல் வரும் சார்."

"அந்த வரி இல்லேன்னா திங்கக்கிழமை உன் நாற்காலியில வேற ஆள்."

"நாற்காலி எங்க அண்ணியோடது சார்," என்று போனை வைத்துவிட்டாள்.

கடவுளே, இவள் வாயைக் கொஞ்சம் கட்டு என்று வேண்டினேன். உடனே அந்த வேண்டுதலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எனக்காகவும்தானே பேசுகிறாள்!

வெள்ளிக்கிழமை காலை திரையில் மேனேஜரும் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் வந்தார்கள். காலண்டர் விரிந்தது. "பிரமாதம், முடிச்சுக்கலாம்," என்றார் மேனேஜர்.

"இன்னும் இருக்கு சார்," என்று என்னைக் கேமரா முன்னால் இழுத்தாள். "தேதி போடுங்க அண்ணி."

என் போனில் பதினெட்டு என்று அடித்தேன். பிறகு மாதம், வருடம். 'பதிவாகிவிட்டது' என்று வந்தது.

"அய்யே, மூணு டப்பா! பார்க்கவே சகிக்கலையே," என்றார் மேனேஜர்.

நர்ஸம்மா தன் கவுன்ட்டர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "எங்க மெஷினும் கிழம்தான். இதுலயும் மூணு டப்பாதான் வருது, ஆனா வேலை செய்யுதே! முன்னாடி இருந்த பக்கம் திறக்கவே திறக்காது. எனக்கு இதுதான் வேணும்."

மேனேஜர் கனைத்தார். "சரி, டப்பா இருக்கட்டும். அந்த வரியும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமே."

"வராது சார்."

"பொடி எழுத்துல?"

"எந்த எழுத்துலயும் வராது."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"திங்கக்கிழமை நோயாளிங்க டெஸ்ட் ரிப்போர்ட் பார்க்கற பக்கம் ஆரம்பிக்கணும். அதுலயாவது என் பேச்சைக் கேளு," என்று சொல்லித் திரையிலிருந்து மறைந்தார்.

"கேட்டுக்கறேன் சார். கேட்டுட்டு வழக்கம்போலத்தான்," என்று காலியான திரையிடம் சொன்னாள் என் நாத்தனார்.